ஒரு மில்லிமீட்டர் ஈக்குப் பெயர் வைப்பது எப்படி?

பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கும் மலேஸ் பொறியின் புட்டியை முதன்முதலாக வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பார்ப்பவருக்குக் குளவியும் அந்துப்பூச்சியும் வண்டும்தான் கண்ணில் படும். அடியில் படிந்திருக்கும் கருப்புத் தூளை யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்தத் தூளில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வையுங்கள். தூளுக்குக் காலும் இறக்கையும் முளைத்துவிடும். அதில் முதுகு கூனி, இறக்கையின் முன்விளிம்பில் மட்டும் தடித்த நரம்புகளோடு கிடப்பவை ஃபோரிட் ஈக்கள். அந்தக் குடும்பத்தில் பல, எறும்பு, தேனீ போன்ற பூச்சிகளின் உடலுக்குள் முட்டையிட்டு வளரும் ஒட்டுண்ணிகள். அப்படி ஒன்றைப் பார்த்து, இதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லையோ என்று உங்களுக்குத் தோன்றினால், அதை முறைப்படி எப்படி விவரிப்பது என்று இங்கே சொல்கிறேன்.

புதிய சிற்றினம் கிடைப்பது அரிது என்று தயங்க வேண்டாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் வைத்த பொறிகளிலிருந்து, மெகாசீலியா என்ற ஒரே பேரினத்தில் மட்டும் 30 புதிய சிற்றினங்களை 2015-இல் விவரித்தார்கள். கோஸ்டாரிகாவில் நான்கு ஹெக்டேர் மலைக்காட்டில் ஓராண்டு சேகரித்த ஈக்களைப் பிரித்தபோது 4,332 சிற்றினங்கள் தேறின. மத்திய அமெரிக்கா முழுவதிலும் பெயர் பெற்றிருந்த ஈக்களின் எண்ணிக்கையில் அது பாதிக்கும் மேல். ஆக, புதியது உங்கள் புட்டியிலேயே இருக்கலாம். அது ஏற்கெனவே பெயர் பெற்ற எதுவும் அல்ல என்று நிறுவுவதில்தான் உழைப்பின் பெரும்பகுதி போகும்.

முதலில் ஒரு குழுவோடு பழகுங்கள்

ஒரே ஒரு விசித்திரமான ஈயை எடுத்துக்கொண்டு நேராக எழுத உட்காராதீர்கள். ஃபோரிட் குடும்பத்தில் பெயர் பெற்றவை மட்டும் 4,000-க்கு மேல். மெகாசீலியாவில் மட்டும் 1,600-க்கு மேல். புதிதாக வருபவர் அங்கே தொடங்கினால் மூச்சு முட்டும். சில பத்து சிற்றினங்களே உள்ள, அண்மையில் யாராவது ஒழுங்குபடுத்தி அடையாளச் சாவி (கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சிற்றினத்தைக் கண்டுபிடிக்கும் பட்டியல்) வெளியிட்டிருக்கிற பேரினமாகத் தேர்ந்தெடுங்கள். அந்தச் சாவியை வைத்து, பெயர் தெரிந்த ஈக்களையே முதலில் அடையாளம் கண்டு பழகுங்கள். ஒரு பருவம் முழுக்க இதற்கே செலவானாலும் பரவாயில்லை. எது ஒரே சிற்றினத்துக்குள் மாறும், எது மாறாது என்ற கண் அப்போதுதான் வரும். நன்றாகத் தின்று வளர்ந்த புழுவிலிருந்து பெரிய ஈ வரும், பட்டினியில் வளர்ந்ததிலிருந்து சிறியது வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திராதவர் அவற்றை இரண்டு சிற்றினம் என்று எழுதிவிடுவார்.

எந்தப் பாலினத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் குழுவுக்குக் குழு மாறும். எறும்புகளைத் தாக்கும் அபோசெஃபலஸ், சூடாக்டியான் பேரினங்களில் பெண்ணின் முட்டையிடும் உறுப்புதான் முக்கிய அடையாளம். மெகாசீலியாவில் ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்காமல் பெரும்பாலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆறு மாதம் பெண் ஈக்களாகச் சேர்த்துவிட்டு, அப்புறம் இதைத் தெரிந்துகொள்வது வேதனையான விஷயம். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

பிடிப்பது

வலையைக் கையில் எடுக்கும் முன் அனுமதி வாங்குங்கள். சேகரிக்க ஒன்று, மாதிரியை வேறு நாட்டுக்கு அனுப்ப வேறொன்று என்று பல நாடுகளில் தனித்தனி விதிகள் உண்டு. மரபுவளப் பயன்பாடு பற்றிய நகோயா உடன்படிக்கை 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி எண் இல்லாத கட்டுரையை நல்ல ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிவிடும். அதோடு, உரிமை இல்லாமல் எடுத்த மாதிரியை எந்த அருங்காட்சியகமும் நிம்மதியாக வைத்துக்கொள்ள முடியாது.

ஈ சேர்க்க மூன்று வழிகள் போதும். கூடாரம் போன்ற மலேஸ் பொறி முதல் வழி. பறந்து வந்து துணியில் மோதும் ஈ மேல்நோக்கி ஏறும். உச்சியில் எத்தில் ஆல்கஹால் உள்ள புட்டி காத்திருக்கும். இரண்டாவது மஞ்சள் தட்டு. சோப்பு கலந்த தண்ணீரை ஊற்றித் தரையில் வைத்துவிடலாம். இவை இரண்டும் ஈயைத் தரும், ஆனால் அதன் வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. எறும்புகள் இருக்கும் இடத்தில் பொறுமையாக உட்கார்ந்திருப்பது. எறும்புகள் கலவரப்படும்போது வெளிவிடும் வாசனை ஃபோரிட் ஈக்களை இழுக்கும். காயம்பட்ட எறும்புகளைத் தேடி வருபவையும் உண்டு. புற்றின் ஓரத்தை லேசாகக் கிளறிவிட்டுக் கண்ணைத் தரையோடு தரையாக வைத்துப் பாருங்கள். தூசி போன்ற ஒன்று ஒரு எறும்பின் மேல் மிதந்துகொண்டே வரும், கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்கும், விலகும். அந்த ஒரு நொடியில் முட்டை உள்ளே போய்விட்டிருக்கலாம். உறிஞ்சுகுழாயால் ஈயைப் பிடியுங்கள், அதே நேரம் அந்த எறும்பையும் பிடித்துத் தனிக்குப்பியில் ஈரத்தோடு வளருங்கள். சூடாக்டியான் தீ எறும்பின் மார்பில் முட்டையிடும். புழு தலைக்குள் ஏறி வளரும், கடைசியில் தலை கழன்று விழும், அந்தக் காலித் தலைக்குள்ளேயே கூட்டுப்புழுப் பருவம் கழியும். இதை உங்கள் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் இந்த ஈக்களை விட்டு நகர மாட்டீர்கள்.

குப்பிக்குள் போகும் சீட்டை அங்கேயே, அப்போதே எழுதுங்கள். நாடு, இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி, பிடித்தவர், பிடித்த முறை, எந்த எறும்பின் மேல் என்பது வரை. பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும். சீட்டு இல்லாத ஈ எவ்வளவு அதிசயமானதாக இருந்தாலும் அறிவியலுக்கு ஏறக்குறைய பயனற்றது.

பதப்படுத்துவது

ஆல்கஹால் விஷயத்தில் ஒரு இழுபறி உண்டு. 95 சதவீதத்தில் டிஎன்ஏ நன்றாக நிற்கும், ஆனால் ஈ விறைத்துப்போய், தொட்டால் கால் உடையும். 70 முதல் 80 சதவீதத்தில் உடல் நெகிழ்வாக இருக்கும், டிஎன்ஏ மெல்லச் சிதையும். முடிந்தால் சில ஈக்களை இதில், சிலவற்றை அதில் என்று பிரித்து வையுங்கள். நிறத்தை மட்டும் புதிதாக இருக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஆல்கஹாலில் அது மங்கும்.

ஆல்கஹாலிலிருந்து எடுத்த சின்ன ஈயை அப்படியே காற்றில் காயவிட்டால் சுருங்கிக் கசங்கிவிடும். ஊசியில் ஒட்டி வைக்க வேண்டுமானால் ஹெக்ஸாமெத்தில்டைசிலசேன் என்ற திரவத்தின் வழியாகவோ, கிரிட்டிக்கல் பாயிண்ட் உலர்த்தியிலோ காயவைக்க வேண்டும். அந்தத் திரவம் நச்சுத்தன்மை உள்ளது. புகை உறிஞ்சும் பெட்டிக்குள் மட்டும் கையாளுங்கள்.

ஃபோரிட்களைப் பெரும்பாலும் ஸ்லைடில்தான் படிப்பார்கள். வயிற்றின் நுனியைப் பிரித்து 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தசை கரையும் வரை வைத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் அலசி, முதலில் கிளிசரினில் போட்டுப் பாருங்கள். நேராக கனடா பால்சம் என்ற இறுகும் பிசினில் புதைக்காதீர்கள். கிளிசரினில் இருக்கும்போது ஊசிமுனையால் உருட்டி எல்லாப் பக்கமும் பார்க்கலாம், வரையலாம். பால்சம் இறுகிவிட்டால் எந்தக் கோணத்தில் கிடக்கிறதோ அந்தக் கோணம்தான் என்றென்றைக்கும். கொஞ்சம் சாய்ந்து படிந்த முட்டையிடும் உறுப்பு வேறொரு சிற்றினத்துடையது போலவே தோன்றும். இந்த வேலையை உங்கள் புதிய ஈயில் பழகாதீர்கள். ஒரு ஐம்பது சாதாரண ஈக்களில் பழகிவிட்டு வாருங்கள்.

இது உண்மையிலேயே புதியதா?

இங்கே நிதானமாக நடக்க வேண்டும்.

முதலில் அந்தப் பேரினத்தின் சாவிகள் எல்லாவற்றிலும் உங்கள் ஈயை ஓட்டிப் பாருங்கள். எங்கே சிக்குகிறது, எந்தக் கேள்விக்கு இரண்டு பதிலும் பொருந்தவில்லை என்று எழுதி வையுங்கள். சாவியில் வரவில்லை என்பதால் மட்டும் புதியது ஆகிவிடாது. சாவி எழுதப்பட்ட பிறகு விவரிக்கப்பட்டவை இருக்கலாம். பக்கத்துக் கண்டத்தில் விவரிக்கப்பட்ட ஒன்று மரக்கட்டையோடோ செடியோடோ பயணம் செய்து உங்கள் பொறிக்கு வந்திருக்கலாம். அதனால் உலக அளவில் அந்தப் பேரினத்தின் பெயர்ப்பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் மூல விவரிப்பைப் படியுங்கள். இப்போது செல்லாத பெயர்கள் என்று ஒதுக்கப்பட்டவற்றையும் விடாதீர்கள். உங்கள் ஈக்கான பெயர் அங்கேதான் தூங்கிக்கொண்டிருக்கலாம். விலங்குப் பெயர்களில் முந்தியதற்கே முன்னுரிமை. அந்தக் கணக்கு லின்னேயஸின் நூலின் பத்தாம் பதிப்பிலிருந்து, அதாவது 1758-இலிருந்து தொடங்குகிறது.

பழைய விவரிப்புகள் சில நான்கு வரியில் முடிந்துவிடும். "கருப்பு, கால்கள் மஞ்சள்" என்ற அளவுக்கு. அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. அப்போது அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் வகை மாதிரியையே பார்க்க வேண்டும். அது இருக்கும் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். நீங்கள் யார், எந்தப் பேரினம், எந்தப் பாகத்தின் படம் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டால் பெரும்பாலும் உதவுவார்கள். அவசரப்படுத்தாதீர்கள். நூறாண்டுக்கு முன் ஊசியில் குத்திய ஒரு மில்லிமீட்டர் உடலை அலமாரியிலிருந்து எடுப்பது அவர்களுக்கும் பதற்றமான வேலை.

ஓம்புயிரை, அதாவது ஒட்டுண்ணி தங்கி வளரும் உயிரை, மட்டும் வைத்துப் புதியது என்று முடிவெடுக்காதீர்கள். வடஅமெரிக்காவில் தேனீக்களுக்குள்ளிருந்து ஒரு ஃபோரிட் ஈ வெளிவருவதை 2012-இல் அறிவித்தபோது பெரிய பரபரப்பு எழுந்தது. அந்த ஈ, அபோசெஃபலஸ் போரியாலிஸ், 1924-லேயே பெயர் பெற்றது. அதுவரை அதைப் பம்பிள் தேனீக்களிலும் குளவிகளிலும் மட்டுமே பார்த்திருந்தார்கள். புதிய ஓம்புயிர் வேறு, புதிய சிற்றினம் வேறு.

டிஎன்ஏ உதவும். மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் 658 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் பொதுப் பார்கோடாகப் பயன்படுத்துகிறார்கள். உடலை அரைக்காமல், ஊறவைத்து மட்டும் டிஎன்ஏ எடுக்கும் முறையைக் கேட்டு வாங்குங்கள். ஈயின் உடற்கூடு முழுதாகத் திரும்பி வரும். ஆணையும் பெண்ணையும் இணைக்க இதைப் போல வேறு வழி இல்லை. சில ஃபோரிட்களில் பெண்ணுக்கு இறக்கையே இருக்காது, பார்த்தால் ஒரே பேரினம் என்றே சொல்ல மாட்டீர்கள். ஆனால் பார்கோடு வித்தியாசத்தை மட்டும் நம்பிப் பெயர் வைப்பதை நான் ஏற்பதில்லை. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா தாய்வழியாகப் பரவும்போது மைட்டோகாண்ட்ரியாவையும் கூடவே இழுத்துச் செல்லும். அதனால் இரண்டு சிற்றினங்கள் ஒரே பார்கோடைக் காட்டலாம், ஒரே சிற்றினம் இரண்டாகப் பிரிந்தும் தெரியலாம். பார்கோடும் உடலமைப்பும், முடிந்தால் ஓம்புயிரும் ஒரே பக்கம் கைகாட்டும்போது எழுதுங்கள்.

பெயரைத் தாங்கும் மாதிரி

உங்கள் ஈக்களில் ஒன்றே ஒன்றை ஹோலோடைப்பாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர் அந்த ஒரு உடலோடுதான் கட்டப்படும். நாளைக்கு உங்கள் "ஒரு சிற்றினம்" உண்மையில் இரண்டு என்று தெரிந்தால், ஹோலோடைப் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்குப் பெயர் போகும். அழகான ஈ வேண்டும் என்பதில்லை. அடையாளப் பாகங்கள் முழுதாக உள்ளது, சீட்டு தெளிவாக உள்ளது, முடிந்தால் பார்கோடும் எடுக்கப்பட்டது எதுவோ அதை எடுங்கள். கூட வைத்துப் படித்த மற்றவை பாராடைப்கள். அவற்றை இரண்டு மூன்று அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒரு கட்டடம் எரிந்தாலும் சான்று மிஞ்சும்.

மாதிரியே இல்லாமல் படத்தை வைத்து விவரிக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். 2015-இல் தென்னாப்பிரிக்காவின் மார்லிமியா சைலோகோபே என்ற தேனீ-ஈயைப் புகைப்படங்களை மட்டும் வைத்து விவரித்தார்கள். அந்த ஈயும் ஒட்டுண்ணிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். விதிப்படி அது செல்லும், ஆனால் வகைப்பாட்டாளர்களிடையே கடும் சர்ச்சை கிளம்பியது. ஒரு மில்லிமீட்டர் ஃபோரிட்டைப் பொறுத்தவரை அந்த வழியை மறந்துவிடுங்கள். நாம் பார்க்க வேண்டியவை எந்தப் புகைப்படத்திலும் தெரியாது.

எழுதுவது

விவரிப்பில் இரண்டு பகுதிகள் உண்டு, புதியவர்கள் இவற்றைக் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று வேறுபாட்டுக் குறிப்பு. இந்த ஈயை அதன் நெருங்கிய உறவுகளிடமிருந்து எது பிரிக்கிறது என்பதை ஐந்தாறு வரியில் சொல்வது. மற்றது முழு விவரிப்பு. தலையிலிருந்து வயிற்று நுனி வரை எல்லாவற்றையும் வரிசையாக எழுதுவது. வேறுபாட்டுக் குறிப்பில் உறவின் பெயரைச் சொல்லி ஒப்பிடுங்கள். "முட்டையிடும் உறுப்பு தனித்துவமானது" என்ற வாக்கியத்தால் யாருக்கும் பயனில்லை. எந்தச் சிற்றினத்தில் அது நுனியில் பிளவுபட்டிருக்கிறது, உங்களுடையதில் எப்படி மொட்டையாக முடிகிறது என்று எழுதினால்தான் அடுத்தவர் தன் ஈயை எடுத்துச் சரிபார்க்க முடியும்.

முழு விவரிப்பில் நெற்றியின் முள்மயிர்கள் எத்தனை, எங்கே, எந்தப் பக்கம் சாய்ந்தவை, உணர்கொம்பின் வடிவம், மார்பின் பக்கத்தகட்டில் மயிர் உண்டா இல்லையா, பின்காலின் மயிர்வரிசை, இறக்கை நரம்புகள் எல்லாம் வரும். அளவுகளில் உடல் நீளத்தை நம்பாதீர்கள். வயிறு வீங்கும், சுருங்கும். இறக்கை மாறாது. முன்விளிம்பு நரம்பின் நீளத்தை இறக்கையின் நீளத்தால் வகுத்து வரும் எண்ணை ஃபோரிட் ஆய்வாளர்கள் எப்போதும் கொடுப்பார்கள். நீங்களும் கொடுங்கள். எத்தனை ஈக்களை அளந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பார்க்க முடியாத பாகத்தை உறவுகளை வைத்து ஊகித்து நிரப்பாதீர்கள். உடைந்திருந்தால் உடைந்திருக்கிறது என்று எழுதுங்கள்.

படங்களை அடுக்குக் குவிய முறையில், அதாவது வெவ்வேறு குவியத்தில் எடுத்தவற்றை ஒன்றாக இணைத்து, எடுத்தால் முழு ஈயும் தெளிவாக வரும். ஆனாலும் இனப்பெருக்க உறுப்பைக் கையால் வரையுங்கள். வரையும்போதுதான் இந்த மடிப்பு எங்கே தொடங்குகிறது, அந்த முள் எதிலிருந்து முளைக்கிறது என்று கண் கேட்கத் தொடங்கும். எல்லாப் படத்திலும் அளவுகோல் இருக்கட்டும்.

ஓம்புயிரைப் பற்றி எழுதும்போது பார்த்ததையும் ஊகத்தையும் தனித்தனி வாக்கியமாகப் பிரியுங்கள். தாய்லாந்தில் மலேஸ் பொறியில் கிடைத்து 2012-இல் பெயர் பெற்ற யூரிப்லாட்டியா நானக்நிஹாலி 0.4 மில்லிமீட்டர்தான். அது எறும்புத் தலையைத் துண்டிக்கும் ஈ என்ற கருத்து, ஆப்பிரிக்காவில் உள்ள அதன் ஒரே உறவு கிரெமாடோகாஸ்டர் எறும்புகளைத் தாக்குவதை வைத்து எழுந்தது. நல்ல ஊகம்தான், ஆனால் ஊகம். எறும்பின் மேல் மிதந்தது என்றால் மிதந்தது என்று மட்டும் எழுதுங்கள். அதற்குள்ளிருந்து வெளிவந்ததைப் பார்த்தால்தான் ஓம்புயிர் என்று எழுதலாம். அந்த எறும்பையும் பத்திரப்படுத்தி, அதன் பெயரை எறும்பு தெரிந்தவரிடம் உறுதிசெய்யுங்கள்.

பெயர்

எல்லாரும் முதலில் யோசிப்பது பெயரைத்தான். நான் இதைக் கடைசியில் வைத்துக்கொள்வேன். லத்தீன் எழுத்துகளில் இருக்க வேண்டும், அந்தப் பேரினத்தில் ஏற்கெனவே இல்லாததாக இருக்க வேண்டும். பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். சிறியது என்று சொல்ல ஆண்பாலுக்கு மினூட்டஸ், பெண்பாலுக்கு மினூட்டா. அபோசெஃபலஸ் ஆண்பால், மெகாசீலியா பெண்பால். ஒருவரைக் கௌரவிக்க அவர் பெயரை வைத்தால் ஓர் ஆணுக்கு இறுதியில் "ஐ" (i) என்ற எழுத்தும், ஒரு பெண்ணுக்கு "ஏஇ" (ae) என்ற இரண்டு எழுத்துகளும் சேரும். உங்கள் பெயரையே வைத்துக்கொள்வது நாகரிகமில்லை. ஊர்ப்பெயர் வைப்பதிலும் ஒரு முறை யோசியுங்கள். அந்த ஈ பிறகு மூன்று நாடுகளில் கிடைக்கலாம். பெயர்க் காரணத்தை ஒரு வரி எழுதி, அது பெயர்ச்சொல்லா பெயரடையா என்றும் சொல்லிவிடுங்கள். பின்னால் வருபவருக்குச் சந்தேகம் இருக்காது.

வெளியிடுவது

விலங்கியல் பெயரிடலுக்கான சர்வதேச விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி மூன்று விஷயங்கள் கட்டுரையில் வெளிப்படையாக இருந்தே ஆக வேண்டும். இது புதிய சிற்றினம் என்ற அறிவிப்பு, ஹோலோடைப் எது என்ற குறிப்பு, அது எந்தச் சேகரத்தில் வைக்கப்படுகிறது என்ற தகவல். வார்த்தைகளில் எழுதிய வேறுபாட்டுக் குறிப்பும் கட்டாயம். படம் மட்டும் போதாது. இணையத்தில் மட்டும் வெளியாகும் ஆய்விதழ் என்றால், 2012-இல் வந்த திருத்தத்தின்படி கட்டுரை ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் முன்னதாகவே பதிவாகி, அந்தப் பதிவுக்கான சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அதுவரை பெயரை வெளியே விடாதீர்கள். மாநாட்டுச் சுருக்கத்திலோ, ஆய்வேட்டிலோ, படத்துக்கு அடியிலோ பெயர் முன்கூட்டியே வந்துவிட்டால், விவரிப்பு இல்லாத வெற்றுப்பெயராக அலையும். பிறகு வருபவர்கள் அதை எங்கே சேர்ப்பது என்று தடுமாறுவார்கள். கையெழுத்துப் படியில் "புதிய சிற்றினம் 1" என்று குறித்து வைத்தால் போதும்.

அனுப்புவதற்கு முன், அந்தக் குழுவையே பார்த்திராத ஒரு நண்பரிடம் உங்கள் வேறுபாட்டுக் குறிப்பையும் இரண்டு ஸ்லைடுகளையும் கொடுங்கள். ஒன்றில் புதிய ஈ, மற்றதில் அதன் நெருங்கிய உறவு. எது எது என்று சொல்லாதீர்கள். அவர் குறிப்பைப் படித்துச் சரியான ஸ்லைடை எடுத்தால் கட்டுரை தயார். தடுமாறினால் எந்த வாக்கியத்தில் தடுமாறினார் என்று கேட்டு, அந்த வாக்கியத்தைத் திரும்ப எழுதுங்கள்.

கட்டுரை ஏற்கப்பட்டதும் ஹோலோடைப்பை அருங்காட்சியகத்துக்கு அனுப்பும் வேலை மிச்சம். சிவப்புச் சீட்டில் பெயரையும் "ஹோலோடைப்" என்பதையும் எழுதி ஒட்டி, தபாலில் போடாமல் முடிந்தால் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். சேகர எண்ணை வாங்கி, கட்டுரை அச்சாகும் முன் இறுதிப் படியில் அந்த எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.